ஆண்கள் பக்கத்துப் பலகை

கதிர்வேல் தன் மனைவி மலர்க்கொடியை எந்த ஆணோடும் தப்பாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒரு சண்டை போட்டு, நாலு நாள் குடித்து, அப்புறம் அடங்கியிருப்பான். பார்க்க முடியாததுதான் அவனைத் தின்றது. இத்தனை வருஷமாக அகப்படாமல் இருக்கிறாள் என்றால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து ஆளே பாதியாகிப் போயிருந்தான்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் அவன் மெக்கானிக். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். மலர்க்கொடியைக் கட்டிக்கொள்வதற்காகவே 2001இல் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவன். அதற்கு முன்னால் ஆறு மாதம் உபதேசியார் சின்னையனிடம் மந்திரம் படித்தான். பத்துக் கட்டளை, தலையான பாவம் ஏழு, எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொல்வான். அந்த ஏழில் காய்மகாரம் என்று ஒன்று வந்தது.

"அப்பிடின்னா என்னாங்க?"

"பொறாமப்பா. வயிறு எரியிறது."

"அது எங்கிட்ட கெடையாதுங்க," என்றான் கதிர்வேல். மனதாரத்தான் சொன்னான், பாவம்.

கல்யாணமான மறுமாதமே எரிய ஆரம்பித்துவிட்டது. அவள் வேலை பார்த்த நர்சரி பள்ளியின் வேன் டிரைவர் அவளுக்கு மட்டும் முன்சீட்டு கொடுக்கிறான் என்று கண்டுபிடித்து, அவளை நடந்து போகச் சொன்னான். நடந்து போனால் ஜெராக்ஸ் கடைக்காரன் பார்க்கிறான். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நிறுத்தி வீட்டில் உட்கார வைத்தால், எதிர்வீட்டு மாடியில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் குடிவந்தான். தெருப்பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடினான். அடித்த பிறகு, ஏன் இவள் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை என்று அதற்கும் சந்தேகப்பட்டான். எங்கே போனே, யாரைப் பார்த்தே, என்ன பேசினே என்ற மூன்று கேள்வியைக் கேட்காமல் அவன் ஒருநாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

ஆனால் இதெல்லாம் சில்லறை. உண்மையான எதிரி கோயிலில் இருந்தான்.

மாதத்தின் முதல் வெள்ளி சாயங்காலம் மலர்க்கொடி சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவாள். மற்றப் பெண்கள் இரண்டு நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். கோள் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்கு வரவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவள் பதினைந்து நிமிஷம் முழங்காலில் இருப்பாள். ஒருதரம் பத்தொன்பது நிமிஷம். கதிர்வேல் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். ஆனால் நடை லேசாக இருக்கும். அந்த லேசுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. தன்னோடு பேசிவிட்டு எழுந்து போகும்போது அவள் ஒருநாளும் அப்படி நடந்ததில்லையே.

எனக்குச் சொல்லாததை எவனோ ஒருத்தனுக்குச் சொல்கிறாள். இதைவிட ஒரு புருஷனுக்கு என்ன கேவலம் வேண்டும்? அந்த எவனோ ஒருத்தன் கிழவனாக இருந்தாலும் ஆறுதல். பங்குச் சாமியார் அன்பரசுவுக்கு முப்பத்தாறு வயது. கிட்டார் வாசிப்பார். சாமியார் மேலேயே சந்தேகப்படலாமா என்று கதிர்வேல் யோசித்தான். புதுக் கிறிஸ்தவன் என்பதால் கொஞ்சம் பயமாக இருந்தது. அதனால் ஒரு நடுவழி கண்டுபிடித்தான். அவளுக்கு வெளியே ஒருத்தன் இருக்கிறான், அவனைப் பற்றித்தான் மாதாமாதம் சாமியாரிடம் சொல்லி அழுகிறாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனாலும் அவனிடம் ஒரு சொத்து இருந்தது. சந்தேகம் முற்றி நெஞ்சு வெந்துபோகும் நேரத்தில் அவன் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வான். 2004, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஷிப்டில் இருந்தபோது கடல் உள்ளே வந்தது. கதிர்வேல் ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் ஏறித் தப்பினான். தண்ணீர் வடிந்த பிறகு மற்றவர்களோடு சேர்ந்து பிணம் தூக்கினான். உடம்பெல்லாம் சேறாக அவன் வீட்டுக்கு வந்து சேரும்போது மணி மூன்று. அவன் செத்துவிட்டதாக அதற்குள் சேதி போய், வீடு நிறையப் பெண்கள். அவனைப் பார்த்ததும் மலர்க்கொடி ஓடிவந்து, அத்தனை பேர் முன்னாலும் காலில் விழுந்து, இரண்டு காலையும் கட்டிக்கொண்டு கதறினாள். அப்படி ஒரு அழுகையை அந்தத் தெரு கேட்டதில்லை. கம்பெனியில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று அவன் இதைச் சொல்லாத இடம் கிடையாது. "நம்ம வீட்ல கொஞ்சம் மொரண்டுதான். ஆனா பாசம்னு வந்துட்டா..." என்று தொடங்கினால், கேட்பவர்கள் எழுந்து போகப் பார்ப்பார்கள்.

2007 பிப்ரவரியில் தபாலில் ஓர் அரசாங்க ஆர்டர் வந்தது. எம்ப்ளாய்மெண்ட் சீனியாரிட்டியில் மலர்க்கொடிக்கு ஆசிரியர் வேலை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். மார்ச் பதினைந்துக்குள் சேர வேண்டும்.

"தெனம் போயிட்டு வந்துடலாம் மாமா. ஒன்ற மணி நேரந்தான்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

"ஒன்ற மணி நேரம் பஸ்ஸுல பக்கத்துல எவன் ஒக்காருவான்?"

"லேடீஸ் சீட்டுல ஒக்காந்துக்கிறேன்."

"கண்டக்டரு லேடீஸா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் அவன் ஆர்டரை எடுத்துத் தன் டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அவள் தேடினாள். அவன் வைத்திருக்கிறான் என்று தெரிந்தும் கேட்கவில்லை. சிதம்பரத்தில்தான் அந்த ஒருத்தன் இருக்கிறான் என்று கதிர்வேலுக்கு அப்போதே தெளிவாகிவிட்டது.

மார்ச் இரண்டு, முதல் வெள்ளி. தவக்காலம்; பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து வாரம். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்தக் கோயிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டி பழைய காலத்தது. மரத்தால் செய்த பெரிய கூண்டு. நடுவில் குரு உட்காருவார். இரண்டு பக்கமும் முழங்காலிட ஒவ்வோர் அறை, இடது பக்கம் பெண்களுக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு. குருவுக்கும் அறைக்கும் நடுவே மரச்சல்லடை, சல்லடைக்குப் பின்னால் நகர்த்துகிற ஒரு பலகை. ஒரு பக்கம் கேட்கும்போது மறுபக்கத்துப் பலகையைக் குரு மூடி வைப்பார். ஆண்கள் பக்கத்துப் பலகை போன மழையில் உப்பி, உடைந்து, கழற்றிப் போட்டாயிற்று. ஆசாரியைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வராததால் ஒருவரும் கூப்பிடவில்லை. கோயில் வேலைக்கு வந்தபோது கதிர்வேல் அதைப் பார்த்து வைத்திருந்தான். மெக்கானிக் கண் அல்லவா?

வழக்கம்போல மலர்க்கொடி கடைசி ஆளாக இருந்தாள். அவள் இடது பக்கம் மண்டியிட்டதும், அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வந்து வலது பக்கத்து அறையில் முழங்காலிட்டான். சாமியார் மறுபக்கம் திரும்பி, காதோரம் கையை வைத்துக் குனிந்திருந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"...போன தடவ சொன்னதுதான் சாமி." மலர்க்கொடியின் குரல்.

"அதுக்கு எப்பவோ மன்னிப்பு குடுத்தாச்சும்மா. மன்னிச்ச பாவத்த மறுபடி மறுபடி தூக்கிக்கிட்டு வரக்கூடாது."

"தெரியும் சாமி. மனச வுட்டுப் போவமாட்டேங்குது."

அவளோடு இவ்வளவு மெதுவாக ஒருத்தன் பேசுவதைக் கேட்டுக் கதிர்வேல் பல்லை நறநறவென்று கடித்தான். பெயரைச் சொல்லு. பெயரைச் சொல்லுடி.

"அன்னிக்கி ஐஸ் கம்பெனியே போயிடிச்சி, ஒருத்தரும் மிச்சமில்லன்னு வந்து சொன்னாங்க. எல்லாரும் மாரடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு சாமி. இனிமே எங்க போன, யாரப் பாத்தன்னு கேக்க ஆளு இல்லன்னு தோணிச்சு. அந்த ஜன்னலத் தெறந்து வச்சிக்கிட்டு ஒக்காரலாம்னு தோணிச்சு. பொணம்கூட வந்து சேரல, நான் அத நெனச்சிக்கிட்டு இருக்கேன். மூணு மணிக்கி அவுரு தெருமொனையில நடந்து வர்றாரு. பாத்ததும் ஏமாந்துபோன மாதிரி ஆயிடிச்சு. இப்பிடி நெனச்சிட்டமேன்னுதான் கால்ல வுழுந்து அழுதேன். அவுரு பாசத்துல அழுவுறேன்னு நெனச்சிக்கிட்டாரு. இன்னிக்கும் போற எடமெல்லாம் அதச் சொல்லிப் பெருமப்படுறாரு. அவுரு சொல்றப்பல்லாம் பூமிக்குள்ள போயிடலாமான்னு இருக்குது."

"அதுக்கப்புறமும் அந்த நெனப்பு வருதா?"

"இந்த மாசம் ஒரு தடவ வந்துச்சு சாமி. ஆர்டர ஒளிச்சு வச்சப்போ."

பிறகு சாமியார் ஏதோ சொன்னார், அவள் பாவத்துக்கு மனம் வருந்துகிற மனஸ்தாப மந்திரம் சொன்னாள், எழுந்து போனாள். கதிர்வேல் காதில் எதுவும் ஏறவில்லை. ஆறு வருஷமாக அவன் தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்டான். மலர்க்கொடியின் நெஞ்சில் இராப்பகலாக உட்கார்ந்திருந்த அந்த ஒருத்தன் அவனேதான். அவன் சாவு அவளுக்கு ஜன்னல் திறப்பதாக இருந்தது. தன்னிடம் இருந்த ஒரே சொத்தும் போன வெறுங்கையோடு அவன் முழங்காலில் இருந்தான்.

சாமியார் எழப்போனவர், மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். சல்லடைக்கு அந்தப்பக்கம் பலகை இல்லாத இடத்தில் ஒரு முகம். அவர் முகம் வெளுத்துப்போனது.

"எவ்ளோ நேரமா இருக்கிற?"

"மொதல்லேர்ந்து சாமி. எல்லாத்தையும் கேட்டுட்டேன். அவ என்னா சொன்னான்னா..."

"நிறுத்து." அவ்வளவு கடுமையான குரல் அவருக்கு உண்டு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "நீ கேட்டது என்னான்னு எங்கிட்ட சொல்லாத. அது ஒன் பாவம் இல்ல. ஒளிஞ்சிருந்து கேட்டது ஒன் பாவம். அத மட்டும் சொல்லு."

"அவ ரெண்டு வருஷமா, சாமி, ரெண்டு வருஷமா..."

"அவன்னா யாரு? இங்க நீயும் நானும் ஆண்டவரும்தான் இருக்கோம்."

கதிர்வேல் அழுதான். சாமியார் அழவிட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோ. பாவசங்கீர்த்தனத்துல சொன்னத வெளிய வுடக் கூடாதுங்கிறது எனக்கு மட்டும் இல்ல. யாரு காதுல வுழுந்தாலும் அதே சட்டம்தான். சாவுற வரைக்கும். யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னவங்ககிட்டயே கேக்கவும் கூடாது. ஜாடைகூடக் காட்டக் கூடாது."

உபதேசியார் சின்னையன் இதை அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. ஒரு மனுஷன் பெண்டாட்டியின் பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக் கேட்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"மனஸ்தாபம் இருக்குதா?" என்று கேட்டார் சாமியார்.

"ஏண்டா கேட்டோம்னு இருக்குது சாமி."

"அது வலி. மனஸ்தாபம் வேற."

கதிர்வேல் யோசித்தான். மாதாமாதம் வேப்பமரத்தடியில் தான் கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்க, உள்ளே அவள் அந்த ஒரு மத்தியானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கி வைத்ததையும், இறக்கிவிட்டு வெளியே வந்தவளை வாசலிலேயே தான் மறுபடி விசாரித்ததையும் யோசித்தான். ஒருத்தியை இந்த நினைப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியவன் யார்? நெஞ்சில் வேறு ஏதோ ஒன்று புரண்டது.

"இருக்குது சாமி," என்றான். "அவகிட்ட மன்னிப்பு கேக்கலாமா?"

"எதுக்குன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

 மன்னிப்புக் கேட்கும் வழியைக்கூட அவன் தன் கையாலேயே அடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லது செய்யலாம்," என்றார் சாமியார். "அதுக்கு எந்தத் தடையும் இல்ல. பாஸ்கா வரைக்கும் ஒன் சம்சாரத்த எங்க போன, யாரப் பாத்தன்னு ஒரு கேள்வி கேக்காத. அதான் ஒனக்கு அபராதம்." பிறகு கையை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார்.

மறுநாள் காலை கதிர்வேல் டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஆர்டரை எடுத்து அவளிடம் நீட்டினான். "சேந்துடு," என்றான். ஜன்னலில் அடித்த ஆணியையும் பிடுங்கலாமா என்று கிட்டே போனான். அது ஜாடை காட்டுவதாகிவிடும் என்று பயந்து திரும்பிவிட்டான். சம்பளம் வந்ததும் அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். மலர்க்கொடி ஆர்டரையும் போனையும் வாங்கிக்கொண்டாள், ஆனால் சிரிக்கவில்லை. அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அபராதம் லேசுப்பட்டது அல்ல. பஸ் அரை மணி தாமதமாகி அவள் வரும் நாளில் கேள்வி தொண்டை வரை வந்து நிற்கும். பற்களை இறுக்கி விழுங்குவான். விழுங்கினாலும் உள்ளே எரிந்தது எரிந்ததுதான். சிதம்பரம் பள்ளியில் விஜயகுமார் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருப்பதாக அவளே ஒருநாள் சொன்னாள். அன்று அவன் கொல்லைப்புறம் போய்ப் பத்து அருள் நிறை மந்திரம் சொல்லிவிட்டு வந்துதான் சாப்பிட்டான். கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாவது வாரம் மலர்க்கொடி கேட்க ஆரம்பித்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. "எங்க இருக்க?"

"கம்பெனியிலதான்."

"பொம்பள கொரலு கேக்குது."

"மீன்காரங்க மலரு. ஐஸ் வாங்க வந்திருக்காங்க."

மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாள் இரண்டு தடவை. துவைக்கப் போடும்போது அவன் சட்டைப்பையைத் துழாவுகிறாள் என்று கண்டுபிடித்தான். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பொன்னுரங்கத்தை மார்க்கெட்டில் நிறுத்தி, ஓவர்டைம் உண்மையா என்று கேட்டிருக்கிறாள். பொன்னுரங்கம் வந்து சொல்லிச் சிரித்தான்.

கதிர்வேலுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். செத்தால் தேவலை என்று நினைக்கிற புருஷனை எவளும் இப்படித் தேட மாட்டாள். போன் அடிக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. வேண்டுமென்றே நாலு தடவை மணி அடிக்கவிட்டு எடுத்தான். இன்னும் கொஞ்சம் சந்தேகப்படட்டும் என்று ஆசைப்பட்டான்.

பாஸ்காவுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், அவளைக் கூட்டிக்கொண்டு போக பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான். சிதம்பரம் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் கனமாக இருந்தது. அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம். அவன் சந்தோஷமெல்லாம் அங்கேயே வடிந்துபோனது.

அத்தனை கூட்டத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"அன்னிக்கி நீ ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து வெளிய வந்தத நான் மாதா பீடத்துக்கிட்டேர்ந்து பாத்தேன். எனக்கு அப்புறமா போன போலக்குது. இருவது நிமிஷம் மாமா. அழுதுகிட்டு வந்த. மறுநாளே ஆர்டரத் தூக்கிக் குடுத்த. போனு வாங்கிக் குடுத்த. எங்க போன, யாரப் பாத்தன்னு ஒரு கேள்வி இல்ல. எதுக்கு என்ன தொலவுக்கு அனுப்புற? யாரு அவ?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். நீ சொன்னதை நான் கேட்டேன் என்று சொன்னால் இந்தச் சந்தேகம் இந்த நிமிஷமே செத்துவிடும். கூடவே அவளும் செத்துவிடுவாள். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. கேள்வியை விழுங்கிப் பழகிய தொண்டை அதையும் விழுங்கியது.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னத வெளிய சொல்லக் கூடாது மலரு."

"நீ சொன்னத நீ சொல்லலாம். எனக்கும் மந்திரம் தெரியும். என்னா பாவம் பண்ண?"

"பெரிய பாவந்தான். ஆனா பொம்பள விஷயம் இல்ல. சத்தியமா வேற யாரும் இல்ல மலரு."

இதே சத்தியத்தை அவள் ஆறு வருஷத்தில் எத்தனை முறை செய்திருப்பாள் என்று அவனுக்குக் கணக்கு இல்லை. ஒருமுறைகூட அவன் நம்பியதில்லை. மலர்க்கொடி அவன் முகத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். 

"பொய்யி," என்றாள்.

அவன் அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல முன்னால் போகாமல், கூடவே நடந்தான்.